அண்ணனுக்கு 42 வயசுல குடல் கேன்சர், அப்பாவும் அப்படித்தான் போனாரு... இது பரம்பரையா வருமா?

லயத்துப்பையன்
செவ்வாய், இரவு 10.12

வணக்கம். ரெண்டு வருசமா இங்க படிக்க மட்டும்தான் செய்வேன், எழுதுறது இதான் மொத தடவ. நாங்க மலேசியால சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயத்துல (கூலிக்காரங்க வரிசை வீடு) பொறந்தவங்க. பால்மரத்த அழிச்சு செம்பனை போட்டு அப்பறம் அதையும் வித்து வீடு கட்ட ஆரம்பிச்சதும் டவுனுக்கு வந்துட்டோம்.

எங்க அண்ணன் லோரி ஓட்டுறாரு. போன வருசத்துலேர்ந்தே சும்மா சும்மா களைப்பு, படி ஏறுனா மூச்சு வாங்குது, மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு. ஒரு கிளினிக்ல ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரை குடுத்தாங்க, ஆறு மாசம் அதையே திருப்பித் திருப்பி குடுத்தாங்க, ஆம்பள ஆளுக்கு ரத்தம் எங்கய்யா போவுதுன்னு ஒருத்தரும் கேக்கல. கடைசில லோரிலயே மயங்கிட்டாரு (நல்லவேளை ஓரங்கட்டி வச்சிருந்தாரு). ஈப்போ பெரியாஸ்பத்திரில கொழாய் விட்டுப் பாத்தா வலது பக்கம் பெருங்குடல்ல கட்டி. ஆப்பரேசன் முடிஞ்சி வீட்டுக்கு வந்துட்டாரு, கஞ்சி குடிக்கிறாரு, எல்லாரையும் ஏசுறாரு, அப்ப நல்லாத்தான் இருக்காரு.

விசயம் என்னான்னா டாக்டரம்மா ஒரு பாரம் குடுத்திருக்காங்க. குடும்பத்துல யாருக்கு என்ன கேன்சர், எத்தன வயசுலன்னு எழுதிட்டு வரணுமாம். அப்பா 1994ல தவறிட்டாரு, 46 வயசு, வயித்துவலின்னு போனாரு, பாக்கறப்ப ஈரல் வரைக்கும் பரவிடுச்சுன்னாங்க. அவ்வளவுதான் தெரியும். தாத்தா லயத்துலயே போய்ட்டாரு, வீட்டுல இருக்கற சாவு சர்டிபிகேட்ல காரணம்னு போலீஸ்காரன் எழுதியிருக்கறது 'சாக்கிட் துவா'. வயசாயி செத்தாராம். அம்பத்திரெண்டு வயசுல என்னா வயசாவுது?

எனக்கு 37, ரெண்டு பிள்ளைங்க. இது பரம்பரையா? அம்மா வேற வெளிய யாருகிட்டயும் பேசாதன்றாங்க, அக்கா மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்.

பால்மரம்77
செவ்வாய், இரவு 10.40

தம்பி மனசு கஷ்டமா இருக்கு. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாது. எங்க வீட்டுக்காரருக்கும் ரத்தம் போச்சு, மூலம் மூலம்னு ஒரு வருசம் ஓட்டுனோம், உடம்பு சூடு, நல்லெண்ணெ தேச்சு குளி, மோர் குடி, துத்திக்கீரை சாப்புடு. அவருக்கு உண்மையாவே மூலம்தான், அது வேற கதை. ஆனா மூலம்னு முடிவு பண்ணுனது நானும் பக்கத்து வீட்டு ஆச்சியும்தான், டாக்டர் இல்ல. இப்ப நெனச்சா திக்குன்னுது.

மண்டோர்பேரன்
புதன், காலை 7.05

இதெல்லாம் மருந்தடிச்சதுல வந்தது. என் பாட்டி இருபது வருசம் முதுகுல தோம்ப (மருந்து டாங்கி) மாட்டிக்கிட்டு புல்லுக்கு மருந்தடிச்சாங்க, கையொறை கெடையாது, மூக்குக்கு துணி கெடையாது, அதே கையோட சோத்துப் பாத்திரத்த தொறப்பாங்க. பாராகுவாட்ங்கற அந்த புல்லு மருந்த இந்த நாட்டுல முழுசா தடை பண்ணுனதே 2020லதான். அதுக்கு நடுவுல 2002ல தடைன்னாங்க, 2006ல திரும்ப வுட்டாங்க. கேன்சர் வராம என்னா வரும். பரம்பரை பரம்பரைன்னு சொல்லி கம்பெனிக்காரன தப்பிக்க வுடாதீங்க.

ரொட்டிபாவாங்
புதன், காலை 8.31

மண்டோர்பேரன் சொல்றதுல நியாயம் இருக்கு ஆனா லோரி அண்ணன் மருந்தடிக்கலயே. அவரு பொறந்து வளர்றப்பவே தோட்டம் போச்சு. என்னைக் கேட்டா சாப்பாடு. நாசி லெமாக், சோசெஜ், பர்கர், ராத்திரி 12 மணிக்கு மீ கோரெங். அப்பறம் தண்ணி. அதையும் சொல்லணும்ல.

லயத்துப்பையன்
புதன், மதியம் 1.15

அண்ணன் தண்ணி போடுவாரு, ஒத்துக்கறேன். ஆனா எங்கப்பா சொட்டு தொட்டதில்ல, முருகன் மாலை போட்டவரு, மாட்டுக்கறி வீட்டுக்குள்ள வந்ததில்ல. அவருக்கு எப்டி 46ல?

ஈப்போலேப்பு
புதன், இரவு 9.50

நான் டாக்டர் இல்ல, மொதல்லயே சொல்லிடறேன். திசுவ வெட்டி கண்ணாடி சில்லுல ஒட்டி சாயம் ஏத்துற வேலை, 19 வருசமா. அதனால எனக்கு தெரிஞ்சத சொல்றேன், முடிவ உங்க டாக்டரம்மாகிட்ட கேட்டுக்குங்க.

குடல் கேன்சர்ல பெரும்பாலானது பரம்பரை இல்ல. வயசு, சாப்பாடு, தண்ணி, சிகரெட், உக்காந்தே இருக்கறது, இதெல்லாம் சேந்து மெதுவா வர்றது. சோசெஜ் பேக்கன் மாதிரி பதப்படுத்துன கறிய 2015ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் பிரிவு, கேன்சர் உண்டாக்கும்னு உறுதியா தெரிஞ்ச பட்டியல்லயே போட்டுடுச்சு, அதனால ரொட்டிபாவாங் சொல்றதும் பொய் இல்ல. ஆனா 100 பேர்ல ஒரு அஞ்சு பேருக்கு கிட்ட பொறக்கும்போதே ஒரு ஜீன் பழுதா வந்துருக்கும். 50க்கு கீழ வந்துச்சு, வலது பக்கம் வந்துச்சு, அப்பாவுக்கும் சின்ன வயசுல வந்துச்சுன்னா அந்த அஞ்சுல ஒண்ணோன்னு பாக்கணும். பாரம் குடுத்த டாக்டரம்மா கெட்டிக்காரங்க.

பெருங்குடலோட உள்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா புதுசா மாறிக்கிட்டே இருக்கும். புது செல் வர்றப்பல்லாம் டிஎன்ஏவ காப்பி எடுக்கணும், ஒரு செட்டுல 300 கோடி எழுத்து. காப்பி எடுத்தா தப்பு விழும்தானே. தோட்டத்துக்காரங்களுக்கு தெரிஞ்ச மாதிரி சொல்றேன், காலைல பெரட்டுல (வேலைக்கு ஆள் கூடுற எடம்) மண்டோர் (மேஸ்திரி) ஆள் எண்ணி பேர் எழுதுவாரு, அப்பறம் ஆபீஸ்ல கிராணி (கணக்கப்பிள்ளை) செக்ரோல (ஆள் பதிவேடு) வச்சு ஒப்பிட்டு தப்ப திருத்துவாரு. நம்ம உடம்புல அந்த கிராணி வேலைக்கு நாலு ஜீன் இருக்கு: எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2. ஒவ்வொண்ணும் ரெண்டு காப்பி, அப்பாகிட்டேர்ந்து ஒண்ணு அம்மாகிட்டேர்ந்து ஒண்ணு. ஒரு காப்பி பொறக்கும்போதே பழுதுன்னாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும், ஆளு பாக்க நல்லாத்தான் இருப்பாரு. என்னிக்காவது குடல்ல ஏதோ ஒரு செல்லுல அந்த ரெண்டாவதும் போச்சுன்னா அன்னிலேர்ந்து அந்த செல்லுக்கு கிராணியே கெடையாது, தப்பு மேல தப்பு குமியும். சாதாரண ஆளுக்கு சின்ன பாலிப்பு (குடல் உள்தோல்ல மொளைக்கற சதை) கேன்சரா மாற பத்து வருசம் கிட்ட எடுக்கும். இவங்களுக்கு ரெண்டு மூணு வருசத்துலயே ஆயிடலாம். இதுக்கு பேரு லிஞ்ச் சிண்ட்ரோம்.

மண்டோர்பேரன், மருந்து கெடுதல் பண்ணலன்னு நான் சொல்ல வரல, அது தனி அநியாயம். ஆனா அப்பா அண்ணன் ரெண்டு பேருக்கும் இவ்வளவு சின்ன வயசுல ஒரே கேன்சர் வந்தா மொத தேடவேண்டிய எடம் ரத்தத்துலதான்.

தம்பி, அண்ணனோட பத்தாலஜி ரிப்போட்டு கையில இருந்தா அதுல இந்த நாலு பேர் எழுதியிருக்கான்னு பாருங்க.

கேமரன்காத்து
புதன், இரவு 10.02

பாலோ பண்றேன். எங்க சித்தப்பாவும் 44.

லயத்துப்பையன்
வியாழன், காலை 6.20

ராத்திரி பூரா தூங்கல. ரிப்போட்டு எடுத்துப் பாத்தேன். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 'இருக்கு'ன்னு போட்டிருக்கு. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ரெண்டும் 'இழப்பு'. அப்டின்னா ரெண்டு ஜீன் போச்சா அண்ணே?

ஈப்போலேப்பு
வியாழன், இரவு 8.15

பயப்படாதீங்க, ரெண்டு இல்ல. இவங்க ஜோடி ஜோடியா வேலை செய்யறவங்க. எம்எஸ்எச்2வும் 6ம் ஒரு ஜோடி, எம்எல்எச்1ம் பிஎம்எஸ்2வும் ஒரு ஜோடி. எம்எஸ்எச்2 புரதம் இல்லன்னா 6 தனியா நிக்க முடியாம அதுவும் கரைஞ்சு போயிடும், அதனால சாயம் ஏத்துனா ரெண்டுமே தெரியாது. சந்தேகம் பெரும்பாலும் எம்எஸ்எச்2 மேலதான்.

இதே எம்எல்எச்1 இல்லன்னு வந்திருந்தா நானும் இவ்வளவு பேசியிருக்க மாட்டேன், ஏன்னா அது வயசானவங்களுக்கு பரம்பரை இல்லாமயே அணைஞ்சு போறது உண்டு, அதுதான் ஜாஸ்தி. எம்எஸ்எச்2 அப்படி சும்மா போறது அபூர்வம். ஆனாலும் கட்டில பாத்தது கட்டியோட கதைதான். அண்ணனோட ரத்தத்த எடுத்து ஜீன் பாத்தாத்தான் பொறப்புலேர்ந்து வந்ததா இல்லயான்னு சொல்லலாம்.

இன்னொரு சாயமில்லாத டெஸ்டும் இருக்கு. டிஎன்ஏல ஒரே எழுத்து திருப்பித் திருப்பி வர்ற எடம் நெறைய உண்டு. நெரைல ஒரே மாதிரி மரம் வரிசையா நின்னா எண்ணுறப்ப ஒண்ணு ரெண்டு விட்டுப்போவும்ல, அந்த மாதிரி அங்கதான் காப்பி மொதல்ல சறுக்கும். கிராணி இல்லாத கட்டில அந்த எடமெல்லாம் நீளம் மாறிக் கெடக்கும். அத எண்ணிப் பாக்கறதுதான் அந்த டெஸ்ட்டு.

இப்ப நீங்க செய்யவேண்டியது அந்த பாரத்த ஒழுங்கா ரொப்புறது. அப்பா வழி, அம்மா வழி ரெண்டும். பொம்பளைங்கள வுட்டுறாதீங்க, கர்ப்பப்பை, சூலகம், வயிறு, சிறுநீர்க்குழாய் எல்லாம் கணக்குல வரும்.

தையக்கடைஅக்கா
வியாழன், இரவு 11.30

நான் கொஞ்ச நாள் முன்னாடி படிச்சது ஒண்ணு ஞாபகம் வருது, என் தொழிலா இருக்கறதால மனசுல நின்னுடுச்சு. 1895ல அமெரிக்காவுல மிச்சிகன்ல வார்த்தின்னு ஒரு டாக்டர், அவருக்கு துணி தைக்கற அம்மா ஒருத்தங்க சோகமா இருந்தாங்களாம். என்னாம்மான்னு கேட்டா, எங்க குடும்பத்துல எல்லாரும் குடல்லயோ கர்ப்பப்பையிலயோ கேன்சர் வந்துதான் சாவாங்க, நானும் அப்படித்தான் சீக்கிரம் போயிடுவேன்னு சொன்னாங்களாம். அந்த ஆளு சிரிச்சுட்டு போவாம உக்காந்து அவங்க குடும்பத்த பூரா எழுதி எடுத்தாரு, 1913ல வெளியிட்டாரு. அந்தம்மா சொன்னபடியே சின்ன வயசுலயே கர்ப்பப்பை கேன்சர்ல போய்ட்டாங்க. 1960கள்ல ஹென்றி லிஞ்சுன்னு இன்னொரு டாக்டர் இதே மாதிரி குடும்பங்கள தேடித் தேடி எழுதுனாரு, அவரு பேருதான் நோய்க்கு வந்துச்சு. ஜீன கண்டுபுடிச்சது 1993லதான், அப்பறம் அந்த தையக்கார அம்மா குடும்பத்து வாரிசுங்கள சோதிச்சா அவங்களுக்கும் எம்எஸ்எச்2தானாம்.

எனக்கு என்னா கோவம்னா பேரு டாக்டருக்கு போயிடுச்சு. மொத சொன்னது அந்தம்மா.

அருள்மூலிகை
வெள்ளி, காலை 9.00

[பொறுப்பாளர்: நீக்கப்பட்டது. 'ஜீனை சுத்தப்படுத்தும் கசாயம் 180 வெள்ளி (ரிங்கிட்)' விக்கிற எடம் இது இல்ல. நம்பரையும் தூக்கிட்டேன்.]

பால்மரம்77
வெள்ளி, காலை 9.45

நன்றி பொறுப்பாளரே. நான் போன் பண்ணியிருப்பேன்.

லயத்துப்பையன்
திங்கள், இரவு 11.48

ரெண்டு நாள் காடி (காரு) எடுத்துக்கிட்டு சொந்தக்காரங்க வீடு வீடா போனேன். நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

மொத அத்தை வீடு. அத்தைக்கு இப்ப 79. நான் நோய்ப்பேச்ச எடுத்ததும் தே ஆத்திக்கிட்டு இருந்தவங்க டம்ளர கீழ வச்சுட்டாங்க. 48 வயசுல அவங்களுக்கு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்கன்னு எனக்கு தெரியும், ஆனா கட்டின்னுதான் வீட்டுல சொல்லி வச்சிருந்தாங்க. கட்டி இல்லயாம், கேன்சராம். தோட்டத்துல தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமா பேசுவான்னு மாமா சொல்லவே வேணாம்னுட்டாராம். முப்பது வருசம் என்கிட்ட, எங்கப்பா மகன்கிட்ட, சொல்லல. அப்பாவுக்காவது தெரியுமா அத்தைன்னேன். அவன் எனக்கு முன்னாடியே படுத்துட்டானேடா, அவன்கிட்ட எதச் சொல்லன்னாங்க.

பெரியப்பா கதை இன்னும் மோசம். அவரு 39 வயசுல போனாரு. எங்க வீட்டுல காலங்காலமா சொல்றது என்னான்னா, பக்கத்து டிவிசன்காரன் மாட்டுத் தகராறுல செய்வினை வச்சுட்டான், வயித்துக்குள்ள எதையோ எறக்கிட்டான், வயிறு உப்பி பொருமி வெளிக்கி போவாம செத்தாருன்னு. அந்த குடும்பத்தோட நாங்க இன்னிக்கி வரைக்கும் கை நனைக்கறதில்ல. கோயில் திருவிழாவுல கூட தனித்தனி வரிசை. அத்தைகிட்ட நிதானமா கேட்டா ஒரு வருசமா மெலிஞ்சுக்கிட்டே வந்தாரு, வெளிக்கி கருப்பா போச்சு, கடைசில அடைச்சுக்கிச்சு. வயித்துல எறங்குனது என்னான்னு இப்ப எனக்கு நல்லாவே தெரியுது. அம்பது வருசமா அந்த மனுசன் பேரக்குழந்தைங்க கூட எங்ககிட்ட பேசாம திரியுதுங்க.

தாத்தா பத்தி தோட்டத்து டிரஸர் (மருந்து குடுக்கறவரு) இருந்தா கேக்கலாம், அவரும் இல்ல. அத்தைக்கு ஞாபகம் இருக்கறது, தாத்தா கடைசி வருசம் பால் வெட்ட போறப்ப இடுப்புல துணிய இறுக்கிக் கட்டிக்கிட்டு போவாராம், வலிக்கு.

பாரத்துல கட்டம் கட்டமா இருக்கு, அதுல எங்க எழுதறது 'செய்வினை'ன்னு.

தையக்கடைஅக்கா
செவ்வாய், காலை 6.02

கண்ணு கலங்கிடுச்சு தம்பி. அத்தைய இன்னொரு தடவ போய்ப் பாருங்க.

ஈப்போலேப்பு
செவ்வாய், இரவு 9.10

ஒண்ணு உறுதி பண்ணிக்கணும். கர்ப்பப்பை வாய் கேன்சர்னா அது வைரஸால வர்றது, இந்த கணக்குல சேராது. உள்சுவர்ல வந்ததான்னு கேளுங்க. தூரம் நின்னதுக்கப்பறமும் ரத்தம் போச்சா, இல்ல மாசம் பூரா நிக்காம போச்சா? பழைய கார்டு ஏதாவது இருந்தா இன்னும் நல்லது. லிஞ்ச் உள்ள பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பை உள்சுவர் கேன்சர் குடல் அளவுக்கே வரும், நெறைய பேருக்கு அதுதான் மொதல்ல வருது.

உள்சுவர்தான்னா, லிஞ்ச் இருக்குமான்னு பாக்கற பழைய 3-2-1 கணக்குல உங்க குடும்பம் அப்படியே பொருந்துது. மூணு பேரு, அதுல ஒருத்தர் மத்த ரெண்டு பேருக்கும் பெத்தவரோ கூடப்பொறந்தவரோ பிள்ளையோ. அடுத்தடுத்த ரெண்டு தலைமுறை. ஒருத்தராவது 50க்கு கீழ. 1990ல ஆம்ஸ்டர்டாம்ல கூடி வகுத்தது (மொதல்ல குடல மட்டும்தான் எண்ணுனாங்க, கர்ப்பப்பைய எல்லாம் பின்னாடிதான் சேத்தாங்க). அண்ணன், அப்பா, அத்தை. நடுவுல அப்பா. பெரியப்பாவும் தாத்தாவும் கணக்குக்கு தேவையே இல்ல, ஆனா எழுதுங்க. 'குடல் அடைப்பு, 39, உறுதியில்ல'ன்னு எழுதுங்க. டாக்டருக்கு அது போதும், புரிஞ்சுக்குவாங்க.

சிவப்புமோட்டோ
செவ்வாய், இரவு 9.55

ஒரு கேள்வி. நான் கட்டுனது சொந்த மாமன் மகள. எங்க சைடுல நெறைய அப்படித்தான். அதனாலதான் நம்மாளுங்களுக்கு இதெல்லாம் வருதா?

ஈப்போலேப்பு
செவ்வாய், இரவு 10.40

லிஞ்சுக்கு அது காரணம் இல்ல. ஒரு காப்பி பழுதா இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்கு பாதி, பூவா தலையாதான். அப்பாகிட்டேர்ந்தும் வரும் அம்மாகிட்டேர்ந்தும் வரும், ஆணுக்கும் போவும் பொண்ணுக்கும் போவும். ஏபிசின்னு இன்னொரு ஜீன் இருக்கு, அதுவும் இந்த மாதிரிதான். அது பழுதானா குடல் பூரா நூத்துக்கணக்குல பாலிப்பு மொளைக்கும், சின்ன வயசுலயே, குடல எடுக்காம வுட்டா கிட்டத்தட்ட எல்லாருக்குமே கேன்சர் ஆயிடும், சராசரியா 40 வயசு வாக்குல. ஆனா அது அபூர்வம்.

சொந்தத்துல கட்டுறதுக்கும் கேன்சருக்கும் சம்பந்தம் வர்ற எடம் ரெண்டு. எம்யூடிஒய்எச்னு ஒரு ஜீன், அதுல அப்பா காப்பி அம்மா காப்பி ரெண்டும் பழுதா வந்தாத்தான் பாலிப்பு, கேன்சர் எல்லாம் பெருசா கெளம்பும். சொந்தத்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டாவது, லிஞ்ச் உள்ள குடும்பத்துக்குள்ளயே கட்டி ரெண்டு பேருகிட்டயும் அதே பழுது இருந்துச்சுன்னா நாலுல ஒரு பிள்ளைக்கு கிராணி ரெண்டு காப்பியுமே இல்லாம பொறக்கும். அந்த பிள்ளைங்களுக்கு சின்ன வயசுலயே மூளைல, ரத்தத்துல, குடல்ல கேன்சர் வரும். அபூர்வம்தான். ஆனா அத்தை மகன் மாமன் மகள்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி லயத்துப்பையன் குடும்பம் மாதிரி ஆளுங்க தெரிஞ்சுக்கணும்.

லயத்துப்பையன்
செவ்வாய், இரவு 11.20

அண்ணே... அக்கா மகளுக்கு பாக்கற மாப்பிள்ளை அத்தையோட பேரன்.

பால்மரம்77
செவ்வாய், இரவு 11.31

ஐயோ.

கேமரன்காத்து
புதன், காலை 7.40

சொல்லிடுங்க. மறைச்சு கட்டிவச்சு பின்னாடி தெரிஞ்சா அது பெரிய பாவம்.

ரொட்டிபாவாங்
புதன், காலை 8.05

இன்னும் யாருக்கும் டெஸ்டே எடுக்கல, அதுக்குள்ள சொல்லி ஒரு பொண்ணு வாழ்க்கைய கெடுக்கணுமா? ஊருக்குள்ள 'அந்த குடும்பத்துக்கு கேன்சர்'னு ஒரு தடவ பேரு வந்தா அடுத்த ரெண்டு பொண்ணுக்கும் வரன் வராது. சுங்கை சிப்புட்ல எவன் எவன் வாய அடைக்க முடியும் சொல்லுங்க.

தையக்கடைஅக்கா
புதன், காலை 10.15

மாப்பிள்ளை வீடு வெளியாளா இருந்தா ரொட்டிபாவாங் சொல்றது ஒரு பேச்சு. இவங்க ஒரே ரத்தம். அத்தைக்கு இருந்தா அத்தை பேரனுக்கும் வந்துருக்கலாம். இது வரன் விசயம் இல்லயே, அந்த பையனோட உடம்பு விசயம், அவனுக்குத்தான் மொதல்ல தெரியணும். மறைச்சு மறைச்சுத்தான் அத்தை வீட்டுலயும் முப்பது வருசம் போச்சு.

ஈப்போலேப்பு
புதன், இரவு 8.30

அக்கா சொன்னதுக்கு மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நடைமுறை மட்டும். மொதல்ல நோய் வந்தவருக்குத்தான் டெஸ்ட், அதாவது அண்ணனுக்கு. அவருகிட்ட பழுது இன்ன எடத்துலன்னு கெடச்சா மத்தவங்களுக்கு அந்த ஒரு எடத்த மட்டும் பாத்தா போதும், செலவும் கம்மி, பதிலும் ஆமா இல்லன்னு தெளிவா வரும். பழுது வராதவங்க மத்த ஜனங்க மாதிரிதான், அவங்க பிள்ளைங்களும் தப்பிச்சாச்சு. சின்ன பிள்ளைங்களுக்கு லிஞ்ச் டெஸ்ட் எடுக்க மாட்டாங்க, பெரியாளாகி அவங்களே முடிவு பண்ணட்டும்னு.

சில சமயம் 'மாற்றம் இருக்கு, ஆனா கெட்டதா நல்லதான்னு சொல்ல முடியல'ன்னும் வரும். நம்ம இந்திய வம்சாவளிக்காரங்கள கம்மியாத்தான் ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, அதனால நமக்கு அந்த பதில் கொஞ்சம் ஜாஸ்தி வருது. அப்படி வந்தா அத வச்சு மத்தவங்கள சோதிக்கக் கூடாது, காத்திருக்கணும். கோலாலம்பூர் பெரியாஸ்பத்திரில ஜெனடிக் கிளினிக் இருக்கு, யுனிவர்சிட்டி மலாயா ஆஸ்பத்திரிலயும் பாக்கறாங்க. உங்க டாக்டரம்மாகிட்ட கடிதம் கேளுங்க.

சிவப்புமோட்டோ
புதன், இரவு 9.20

பயமுறுத்துற மாதிரியே பேசிக்கிட்டு இருக்கோம், கொழாய் விடறத பத்தி நான் சொல்றேன், போன வருசம் எடுத்தேன். மூணு நாள் முன்னாடியே கீரை, கச்சான் (கடலை), கொட்டை உள்ள பழம் எல்லாம் நிறுத்தணும். முந்தின நாள் தெளிஞ்ச தண்ணி மட்டும், ரசத்த வடிகட்டி குடிச்சேன், மிசி (நர்ஸ்) ஏசுனாங்க. அப்பறம் அந்த பவுடர். லிட்டர் கணக்குல கலக்கி குடிக்கணும், உப்பும் சோப்பும் சேந்த மாதிரி ருசி, குடிச்சு ஒரு மணி நேரத்துல ஆரம்பிச்சது பாருங்க, நான் ஜாமான் கட்டிக்கிட்டு கக்கூஸுக்கே குடி போயிட்டேன். ஒரு ரகசியம், ஐஸ்ல வச்சு உறிஞ்சுகொழாய்ல குடிச்சா பாதி ருசி தெரியாது. மறுநாள் ஊசி போட்டாங்க, தூங்குனேன், எந்திரிச்சா முடிஞ்சிருச்சு. வலியே இல்ல. வெளிய வந்து ரொட்டி சானாய் ரெண்டு, அப்படி ஒரு ருசி வாழ்க்கைல பாத்ததில்ல.

கேமரன்காத்து
புதன், இரவு 9.48

கவர்மெண்டு கிளினிக்ல மலத்துல ரத்தம் இருக்கான்னு ஒரு டெஸ்ட் எடுக்கறாங்களே, அது போதாதா? கொழாய்க்கு ரொம்ப நாள் காத்திருக்கணுமாமே.

ஈப்போலேப்பு
புதன், இரவு 10.30

அது 50லேர்ந்து 75 வரைக்கும் உள்ள, குடும்பத்துல யாருக்கும் இல்லாத, தொந்தரவு எதுவும் இல்லாத ஜனங்களுக்கு. நல்ல டெஸ்ட்டுதான், எல்லாரும் எடுங்க. மலேசியாவுல ஆம்பளைங்களுக்கு வர்ற கேன்சர்ல குடல்தான் மொத எடம்னு 2012-2016 பதிவேட்டுலயே இருக்கு. ஆனா உங்க சித்தப்பாவுக்கு 44ன்னீங்க, அப்ப உங்கப்பா, உங்க சித்தப்பா பிள்ளைங்க எல்லாம் நேரா கொழாய்தான் கேக்கணும். பெத்தவருக்கோ கூடப்பொறந்தவருக்கோ வந்திருந்தா பொதுவா 40 வயசுல, இல்லன்னா அவருக்கு வந்த வயசுக்கு பத்து வருசம் முன்னாடி, எது முந்துதோ அது. லிஞ்ச்ன்னு உறுதியானா கதையே வேற, எம்எஸ்எச்2க்கு 20-25 வயசுலேர்ந்தே வருசத்துக்கு ஒண்ணு, இல்லன்னா ரெண்டு வருசத்துக்கு ஒண்ணு.

மண்டோர்பேரன்
வியாழன், காலை 7.12

ஆஸ்பிரின் சாப்ட்டா வராதாமே. மச்சான் வாட்சாப்ல அனுப்பினான்.

ஈப்போலேப்பு
வியாழன், இரவு 8.44

அதிசயமா வாட்சாப்ல வந்தது பாதி உண்மை. லிஞ்ச் உள்ள 861 பேர வச்சு இங்கிலாந்து ஆளுங்க பெரிய ஆராய்ச்சி பண்ணுனாங்க. தினம் 600 மில்லிகிராம், ரெண்டு வருசத்துக்கு மேல சாப்ட்டவங்களுக்கு குடல் கேன்சர் நல்லாவே கொறைஞ்சது, பத்து வருசம் கழிச்சுப் பாத்தும் (2020ல வந்துச்சு) கொறைச்சல் நின்னுச்சு. ஆனா அது லிஞ்ச் உள்ளவங்களுக்கு, டாக்டர் பாத்து குடுக்கறது. வயித்துப்புண்ணு உள்ள ஆளு கடைல வாங்கி முழுங்கிட்டு ரத்தவாந்தி எடுத்தா ஆஸ்பிரின் மேல பழி போடாதீங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இந்த பழுது உள்ள கட்டிங்கள்ல தப்பு ஏகத்துக்கு குமிஞ்சிருக்கறதால உடம்போட எதிர்ப்பு சக்திக்கு அது அந்நியனா சுலபமா தெரியும். அந்த எதிர்ப்பு சக்திய புடிச்சு வைக்கற தடுப்ப எடுத்துவிடற மருந்து குடுத்தா அதுவே போய் கட்டிய அடிக்கும். 2022ல நியூயார்க்ல மலக்குடல் கேன்சர் உள்ள 12 பேருக்கு இந்த வகை மருந்து மட்டும் குடுத்து 12 பேருக்குமே கட்டி மறைஞ்சது. வெலை கேட்டா நமக்கு கட்டி வரும், அது வேற. ஆனா அண்ணனுக்கு திரும்ப வந்தா அந்த ரிப்போட்டுல உள்ள 'இழப்பு'ங்கற வார்த்தை அவருக்கு ஆதாயம். பத்திரமா வைங்க.

லயத்துப்பையன்
ஞாயிறு, மாலை 5.30 (நாலு மாசம் கழிச்சு)

ரொம்ப நாளாச்சு. எல்லாரும் தனி மெசேஜ்ல கேட்டுக்கிட்டே இருந்தீங்க, பதில் போட கை வரல.

அண்ணனுக்கு ரத்தத்துல வந்துடுச்சு, எம்எஸ்எச்2தான், ஈப்போலேப்பு சொன்ன மாதிரியே. அப்பறம் நாங்க மூணு பேரும் குடுத்தோம். அக்காவுக்கு இல்ல. எனக்கு இருக்கு. தங்கச்சிக்கு இல்ல. அக்காவுக்கு இல்லன்னதும் அவ மகளுக்கும் கெடையாதுன்னாங்க. கூடத்துல உக்காந்து அக்கா அழுதுச்சு பாருங்க, சந்தோசத்துல அழுவுதுன்னு நெனச்சேன், என்னைப் பாத்து அழுதுருக்கு.

அத்தை பேரன்கிட்ட நான்தான் சொன்னேன், கடையில உக்காரவச்சு, தே தாரேல ஈ விழற வரைக்கும் பேசுனேன். அவன் சொன்ன ஒரே வார்த்தை, 'அப்ப எங்கம்மாவுக்கு?' அவன் அம்மா இன்னும் ரத்தம் குடுக்க மாட்டேன்றாங்க. அத்தை மட்டும் 79 வயசுல கைய நீட்டிட்டு உக்காந்தாங்க, எடுத்துக்கோடா, பழசெல்லாம் இதுல இருக்கும்னு. இருந்துச்சு. கல்யாணம் ஆவணில, அதுல மாத்தம் இல்ல.

எனக்கு கொழாய் விட்டாங்க. ரெண்டு பாலிப்பு, வெட்டி எடுத்தாச்சு, கேன்சர் இல்ல. அடுத்த வருசம் திரும்ப. ஐஸ்ல வச்சு குடிச்சேன் சிவப்புமோட்டோ, பிரயோஜனம் இல்ல.

மாட்டுத் தகராறு குடும்பத்து வீட்டுக்கு போன வாரம் போனேன். கதவ தொறந்தது பேரன், என் வயசுதான். என்னா சொல்றதுன்னு தெரியல, பெரியப்பாவுக்கு என்னா நோவுன்னு கண்டுபுடிச்சுட்டோம்னு மட்டும் சொன்னேன். உள்ள வாங்கன்னாரு. பசியாறிட்டுத்தான் வந்தேன்.

இப்ப ஒரு உதவி. தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்திருக்காரு, அத்தை இப்பதான் சொல்றாங்க. 1970 வாக்குல கோவிச்சுக்கிட்டு ஜொகூர் பக்கம், குளுவாங் கிட்ட ஒரு தோட்டத்துக்கு குடும்பத்தோட போயிட்டாராம், அதுக்கப்பறம் கடுதாசி இல்ல. அவருக்கு நாலு பிள்ளைங்களாம். இப்ப அவங்க பேரன் பேத்திங்க என் வயசுல இருப்பாங்க. அந்த பக்கத்து பழைய தோட்டத்து ஆளுங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

புதியவர்_குளுவாங்
ஞாயிறு, இரவு 9.17

இப்பதான் கணக்கு தொறந்தேன். எந்த தோட்டம், எந்த டிவிசன்? சின்ன தாத்தா பேரு என்னா? இங்க போடாதீங்க, தனியா அனுப்புங்க. எங்க மாமியாரோட அப்பா பேராக்லேர்ந்து சண்ட போட்டுட்டு வந்தவருன்னு சொல்வாங்க. மாமியாருக்கு போன மாசம் கர்ப்பப்பைய எடுத்தாங்க.